கார் ஹீட்டரில் குளிர்காற்றே வருகிறதா? சூடு எங்கே நின்றது என்று தேடுங்கள்

ஹீட்டரைத் திருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குளிர்காற்றே வருகிறது என்று சொன்னால், "கேஸ் தீர்ந்திருக்கும், நிரப்பிவிடுங்கள்" என்ற பதில் எங்கும் கிடைக்கும். அதற்கடுத்த பதில், "ஹீட்டர் காயில் எரிந்திருக்கும்" என்பது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. ஏ.சி.யில் ஓடும் கேஸுக்கும் ஹீட்டருக்கும் தொடர்பே இல்லை. குளியலறை கீசரில் இருப்பதுபோல மின்சாரத்தில் காயும் காயிலை நம்பியும் இந்த ஹீட்டர் இயங்குவதில்லை. தேவையில்லாத கேஸுக்கும் தேவையில்லாத உதிரிபாகத்துக்கும் பணம் போகிறது; காற்று குளிராகவே இருக்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, எஞ்சின் கொடுக்கும் ஓர் எச்சரிக்கை கவனிக்கப்படாமல் போய்விடுவது.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால், பழுது எங்கே என்பதைக் கையால் தொட்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

## ஹீட்டர் சூட்டை உண்டாக்குவதில்லை

எரிபொருளிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை நகர்த்தப் பயன்படுகிறது. பல நேரங்களில் அதைவிடக் குறைவு. மீதி பெரும்பாலும் சூடாகப் போகிறது: ஒரு பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது, இன்னொரு பகுதி எஞ்சின் உலோகத்தில் ஏறுகிறது. அந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களில் கெட்டுவிடும். அதை எடுத்துச் செல்வதற்காக எஞ்சினுக்குள் ஓடும் திரவத்துக்குப் பெயர் கூலன்ட்.

கொடியடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விறகு எரிவது பெரிய அடுப்பில் மட்டும். அங்கே மிஞ்சும் அனல் உள்வழியாகப் பக்கத்து வாய்க்கு வந்து, அதன்மேல் வைத்த பாத்திரத்தைச் சூடாக்கும். கொடியடுப்புக்கென்று தனி விறகு கிடையாது. கார் ஹீட்டர் எஞ்சினின் கொடியடுப்பு. அதில் சூடு வரவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகளும் அடுப்புக்குக் கேட்பவைதான். பெரிய அடுப்பு போதுமான அளவு காய்கிறதா? அனல் வரும் வழி அடைத்திருக்கிறதா?

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஹீட்டர் போடுவதால் கூடுதல் எரிபொருள் செலவு அநேகமாக இல்லை, வீணாகப் போகும் சூட்டைத்தான் பயன்படுத்துகிறோம். அடுத்து, காரைக் கிளப்பியவுடன் குளிர்காற்று வருவது பழுதே இல்லை. பெட்ரோல் காரில் 5 முதல் 10 நிமிடம் ஓட்டிய பிறகுதான் நல்ல சூடு வரும். டீசல் எஞ்சின் சூட்டைக் குறைவாக வீணாக்குவதால் இன்னும் தாமதமாகும். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் காத்திருப்பு நீளுமே தவிரக் குறையாது, ஏனென்றால் ஐடிலில் எஞ்சின் செய்யும் வேலையும் குறைவு, உண்டாகும் சூடும் குறைவு.

முழு மின்சாரக் கார்கள் இந்தக் கட்டுரைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் வீணாகும் சூடு போதாது என்பதால் மின்சார ஹீட்டரோ, ஏ.சி.யைத் திருப்பி இயக்குவது போன்ற ஹீட் பம்போ இருக்கும். அங்கே "காயில் போய்விட்டது", "கேஸ் குறைந்துவிட்டது" என்ற பேச்சுகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை உயர் மின்னழுத்தத்தில் ஓடுபவை, ஆரஞ்சு நிற ஒயர்கள் செல்லும் எதையும் நாமாகத் தொடக் கூடாது.

## சூடு நடந்து வரும் வழி

எஞ்சினுக்குள் காய்ந்த கூலன்ட்டைத் தள்ளிவிடுவது வாட்டர் பம்ப். தள்ளப்படும் கூலன்ட்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. பெரிய பாதை காரின் முன்பக்கமுள்ள ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே காற்று பட்டுக் கூலன்ட் ஆறுகிறது. சின்னப் பாதை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் போகிறது. அங்கே இருப்பது ஹீட்டர் கோர். ரேடியேட்டரின் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய புத்தகத்தின் அளவுதான் இருக்கும். மெல்லிய தட்டைக் குழாய்களும் அவற்றுக்கிடையே தகட்டு மடிப்புகளும் கொண்டது. அதன் ஊடாக ப்ளோயர் என்ற விசிறி காற்றை ஊதுகிறது. குழாய்க்குள் சுடு கூலன்ட், வெளியே காற்று. காற்று சூடேறி உள்ளே வருகிறது.

பெரிய பாதையின் வாசலில் காவல் நிற்பது தெர்மோஸ்டாட். மின்சாரமே இல்லாமல், உள்ளேயுள்ள மெழுகு உருகி விரியும் விசையால் திறக்கும் வால்வு இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைக்கும். காரைப் பொறுத்து 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். ஹீட்டருக்குப் போகும் சின்னப் பாதையைப் பெரும்பாலான கார்களில் இது தடுப்பதில்லை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் அதிகமாகச் சூடேறும், ஹீட்டரும் பொதுவாக நன்றாகவே காயும். ஹீட்டரைக் குளிரவைப்பது, திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்.

கடைசியாக ஒரு விளாவும் வேலை இருக்கிறது. வெந்நீரில் தண்ணீர் கலந்து பதமாக விளாவுவதுபோல, ஹீட்டர் கோரைத் தாண்டி வந்த சுடுகாற்றோடு அதைத் தொடாமல் வந்த குளிர்காற்றைக் கலந்து நாம் கேட்ட சூட்டில் கொடுப்பது பிளெண்ட் டோர் என்ற தடுப்புத் தட்டு. டாஷ்போர்டில் சிவப்பு, நீலக் குறியுள்ள குமிழைத் திருப்பும்போது பெரும்பாலான கார்களில் நகர்வது இந்தத் தட்டுதான். அதை நகர்த்தும் சிறு மோட்டாருக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். பழைய கார்களில் மோட்டாருக்குப் பதில் கம்பி கேபிள் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எஞ்சின் காய வேண்டும், கூலன்ட் போதுமான அளவு இருக்க வேண்டும், அது ஹீட்டர் கோர் வரை ஓட வேண்டும், காற்று அந்தக் கோரின் வழியாகப் போக வேண்டும். குளிர்காற்றுக்கான காரணம் இந்த நான்கில் ஒன்றில் இருக்கிறது. கீழே சொல்லும் வரிசையில் தேடினால் செலவும் குறையும், டாஷ்போர்டைக் கழற்றும் வேலையும் பெரும்பாலும் மிச்சமாகும்.

## முதல் பார்வை கூலன்ட் அளவில்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். ஓடி நின்ற காரென்றால் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கூலன்ட் ஓடும் அமைப்பு வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது அப்படியே கொதித்து முகத்திலும் கையிலும் சீறும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பது ஆபத்தான நம்பிக்கை.

பானெட்டுக்குள் பாதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் அவற்றுக்கிடையே இருக்க வேண்டும். ரேடியேட்டரில் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், கூலன்ட் வாய் வரை நிற்க வேண்டும். தொட்டியில் கூலன்ட் இருக்கிறது, ரேடியேட்டரில் இல்லை என்பதும் நடக்கும். மூடியின் ரப்பரோ, தொட்டிக்குப் போகும் சின்னக் குழாயோ கெட்டுப்போயிருந்தால் ஆறும்போது தொட்டியிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச முடியாது. தொட்டியை மட்டும் பார்த்து "கூலன்ட் சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்தவர்கள் பல நாட்கள் வேறெங்கோ பழுதைத் தேடுவார்கள்.

கூலன்ட் குறைந்தால் ஏன் ஹீட்டர் முதலில் நிற்கிறது? வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்கு முன்பாகவே கடைமடை காய்ந்துவிடும். ஹீட்டர் கோர் இந்த அமைப்பின் கடைமடை. பல கார்களில் அது எஞ்சினின் மேல்மட்டத்துக்கு இணையாகவோ அதைவிட உயரத்திலோ இருக்கிறது, போகும் குழாய்களும் ஒல்லி. ஆகவே மட்டம் இறங்கும்போது முதலில் வெறுமையாவது அதுதான். சாதாரணக் காரில் மொத்தம் 5 முதல் 8 லிட்டர் கூலன்ட் இருக்கும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும், ஹீட்டரால் முடியாது.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. வேகமாகப் போகும்போது சூடு வருகிறது, சிக்னலில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் கூலன்ட் குறைவின்மேல் விழ வேண்டும். எஞ்சின் சுற்று ஏறும்போது பம்ப் வேகமாகத் தள்ளி மேலே ஏற்றிவிடுகிறது. ஐடிலில் அந்தத் தள்ளல் போதாது.

குறைந்திருந்தால் நிரப்பலாம். எதை நிரப்புவது என்பதில் கவனம் வேண்டும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ −37 டிகிரி வரை உறையாது. கொதிநிலையும் ஏறும், துருவும் பிடிக்காது. வெறும் குழாய்த் தண்ணீரில் இந்த மூன்று பாதுகாப்பும் இல்லை, உப்புப் படிவு வேறு சேரும். நிறத்தை வைத்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிறக் கணக்கு எதுவும் கிடையாது. காரின் கையேட்டில் எழுதியுள்ள வகையையே வாங்குங்கள். ஒவ்வாத இரண்டு வகைகள் கலந்தால் துருத்தடுப்புச் சக்தி கெடும், சில நேரம் கூழாகத் திரண்டு ஹீட்டர் கோரையே அடைக்கும்.

நிரப்புவதோடு வேலை முடியவில்லை. மூடிய அமைப்பிலிருந்து கூலன்ட் தானாகக் குறையாது, எங்கோ போயிருக்கிறது. ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் ஈரமோ, காய்ந்து வெளிறிய கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் இனிப்பான வாசனை, முன் கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் திரும்ப வரும் பிசுக்குப் படலம், முன்னிருக்கைக் கால்விரிப்பின் அடியில் ஈரம், இவற்றில் ஏதாவது இருந்தால் ஒழுகுவது பெரும்பாலும் ஹீட்டர் கோர்தான்.

ஒழுகிய கூலன்ட்டைத் தரையில் விடாமல் உடனே துடையுங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் கொடிய நஞ்சு. நாய், பூனை நக்கிக் குடித்துவிடும். குழந்தைகளின் கைக்கு எட்டும் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

## உள்ளே அடைபட்ட காற்று

கூலன்ட் மாற்றிய பிறகு, ஹோஸ் அல்லது பம்ப் மாற்றிய பிறகு, அல்லது குறைந்ததை நிரப்பிய பிறகு ஹீட்டர் காயவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஏர் லாக். குழாயின் உயரமான வளைவில் காற்றுக் குமிழி தங்கி, திரவத்தை மேலே போகவிடாமல் தடுப்பதுதான் ஏர் லாக். கூலன்ட் அளவு சரியாகத் தெரியும், எஞ்சினும் காயும், ஆனால் ஹீட்டர் கோருக்குள் இருப்பது வெறும் காற்று. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

காற்றை வெளியேற்ற, ஆறிய எஞ்சினோடு தொடங்குங்கள். காரின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நிரப்பும் வாய்தான் அமைப்பின் உச்சமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள், ப்ளோயரைக் குறைவான வேகத்தில் விடுங்கள். சில கார்களில் ஹீட்டர் ஹோஸில் ஒரு வால்வு இருக்கும், முழுச் சூட்டில் வைத்தால்தான் அது திறக்கும். மூடியைத் திறந்து வாய் வரை நிரப்பி, எஞ்சினைக் கிளப்புங்கள். காற்று வெளியேற தனி ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் மட்டும் வரும்போது இறுக்குங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கி விடுங்கள், மாட்டிய குமிழிகள் கிளம்பும். கூலன்ட் சூடேறி வாய் வழியாகப் பொங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் மூடியைப் போட்டுவிடுங்கள், எஞ்சின் முழுதாக ஆறும் வரை திறக்காதீர்கள். பொங்கவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தவுடன் மட்டம் சட்டென்று இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். குமிழி நின்று, உள்ளே சூடான காற்று வந்ததும் மூடியை இறுக்கிப் பூட்டி ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். கார் முழுதாக ஆறிய பிறகு மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களும் காலையில் ஒரு பார்வை பார்ப்பது நல்லது, கடைசிக் குமிழிகள் அப்போதுதான் வெளிவரும்.

சில கார்களின் குழாய் அமைப்பு இந்த வழிக்கு மசியாது. அவற்றுக்குப் பழுதுபார்க்கும் கடையில் வேக்கம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்தாலேயே கூலன்ட்டை இழுத்து நிரப்புவார்கள். இரண்டு முறை முயன்றும் குமிழி போகவில்லை என்றால் அந்த முறையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

## எஞ்சினே காயவில்லை என்றால்

கூலன்ட் சரி, காற்றும் இல்லை. ஆனாலும் ஹீட்டரில் வெதுவெதுப்பு மட்டுமே வருகிறது, நெடுஞ்சாலையில் அதுவும் குறைகிறது, வெப்பக் கேஜின் முள் நடுவை எட்டவே இல்லை. இது திறந்தபடி மாட்டிய தெர்மோஸ்டாட்டின் குணம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஓயாமல் ஆற்றுகிறது. எஞ்சின் காயவே வழியில்லை.

முள் நடுவில் நிற்கிறதே என்று தெர்மோஸ்டாட்டை விட்டுவிடவும் வேண்டாம். இப்போதைய பல கார்களில் சூடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். உண்மையான எண் வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கின் கீழுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரிலுள்ள தகவலைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனர் செருகிக் கூலன்ட் வெப்பநிலையைப் படியுங்கள். இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் 75 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட்தான். காரின் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து எஞ்சின் விளக்கைப் போடுவதும் உண்டு. பி0128 (P0128) என்ற பழுதுக் குறியீடு வந்தால், எஞ்சின் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்று பொருள்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் கை போதும். ஆறிய எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பல நிமிடங்கள் அது குளிராக இருந்துவிட்டு, பிறகு சட்டென்று சுட வேண்டும். கிளப்பிய முதல் நிமிடங்களிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறி வந்தால் தெர்மோஸ்டாட் மூடவே இல்லை. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனையைக் கீழ் ஹோஸில் செய்யுங்கள். கை வைக்கும்போது விசிறி, பெல்ட் பக்கம் விரலோ தளர்ந்த துணியோ போகக் கூடாது. நிறுத்திய காரில்கூட மின் விசிறி திடீரென்று சுழலும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றிப் பார்க்கலாம். அதன் உடலில் பொறித்துள்ள எண்ணில் திறக்கத் தொடங்க வேண்டும். சாதாரணத் தண்ணீரிலேயே திறந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதியதைப் போடும்போது, இணைப்பில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். "தெர்மோஸ்டாட் தொல்லை வேண்டாம், எடுத்தே போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர்ந்தே ஓடும் எஞ்சின் கூடுதல் எரிபொருள் குடிக்கும், தேய்மானமும் கூடும், ஹீட்டரும் போய்விடும்.

## இரண்டு ஹோஸ்களும் பேசும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றால், இதைச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாகக் காய்ந்த பிறகு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். முதலில் கையை அருகில் கொண்டுபோய் அனலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால், கூலன்ட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பழுது காற்றுப் பக்கத்தில் இருக்கிறது, அதாவது பிளெண்ட் டோர். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால், கூலன்ட் கோருக்குள் போய்த் திரும்பவில்லை: கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று நிற்கிறது. இரண்டும் குளிர் என்றால் கோர் வரை கூலன்ட் வந்தே சேரவில்லை. கூலன்ட் குறைவு, மூடியபடி மாட்டிய ஹீட்டர் வால்வு, வலுவிழந்த வாட்டர் பம்ப் என்று பின்னோக்கித் தேட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் மேலே சொன்ன தெர்மோஸ்டாட்.

இன்னொரு சிறு சோதனையும் உதவும். ப்ளோயரை மிகக் குறைவாக வைத்தால் சூடு வருகிறது, வேகத்தைக் கூட்டினால் குளிர்ந்துவிடுகிறது என்றால் கோருக்குள் ஓட்டம் இருக்கிறது, ஆனால் போதவில்லை. பாதி அடைத்த கோரின் பேச்சு இது. காற்றே குறைவாக வருகிறது என்பது வேறு பழுது. அதற்கு, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் ப்ளோயரையும் பாருங்கள்.

## அடைத்த கோரைக் கழுவுதல்

ஹீட்டர் கோரின் குழாய்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஒடுங்கியவை. துரு, உப்புப் படிவு, ஒவ்வாத கூலன்ட் கலந்து திரண்ட கூழ் எல்லாம் வந்து தங்குவது இங்கேதான். ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றும் பொடியும் திரவமும் கோரையும் சேர்த்தே அடைத்துவிடுவது அடிக்கடி நடப்பது. அவசரத்துக்கு வீடு சேர அதைப் பயன்படுத்தலாம், பழுது பார்க்கும் முறையாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோரை மாற்றப் பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி அதிகமாகும். ஆகவே முதலில் கழுவிப் பார்ப்பது அறிவுடைமை. ஆறிய எஞ்சினில், கீழே பாத்திரம் வைத்துவிட்டு இரண்டு ஹீட்டர் ஹோஸ்களின் கிளிப்பையும் கழற்றுங்கள். எது உள்ளே போவது, எது வெளியே வருவது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் பலம்கொண்டு முறுக்க வேண்டாம், கோரின் குழாய் மெல்லிய அலுமினியம், வளைந்து கிழிந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவது மலிவு.

பிறகு தண்ணீரை எதிர்த்திசையில் விடுங்கள்: கூலன்ட் வழக்கமாக வெளியே வரும் முனையில் தோட்டக் குழாயைச் செருகி, மெல்ல விடுங்கள். அழுத்தம் கூடினால் பழைய கோர் உள்ளேயே பிளந்து, தண்ணீர் காருக்குள் கொட்டும். பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை விட்டு, திசையை மாற்றி, மறுபடி எதிர்த்திசை. ஓட்டம் கூடிக்கொண்டே வந்தால் நல்ல அறிகுறி. கடைசியாக ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, உள்ளே தங்கிய குழாய்த் தண்ணீரை வெளியேற்றுங்கள். கடும் அமிலங்கள் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். ஹோஸ்களை மாட்டி, கூலன்ட் நிரப்பி, மேலே சொன்னபடி காற்றை எடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக் கழுவியும் ஓட்டம் கூடவில்லை என்றால் கோரை மாற்றுவதே வழி.

## விளாவும் தட்டு நகரவில்லை

இரண்டு ஹோஸ்களும் சுடுகின்றன, காற்று மட்டும் குளிர். எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, ப்ளோயரை நிறுத்தி, சூட்டுக் குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மெல்லத் திருப்பிக் காது கொடுங்கள். மோட்டார் நகரும் மெல்லிய ஓசை கேட்க வேண்டும். அதற்குப் பதில் டாஷ்போர்டுக்குள் "டக் டக் டக்" என்று தட்டிக்கொண்டே இருந்தால் ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் ஆக்சுவேட்டர் தன் எல்லைகளை மறந்திருக்கலாம். கையேட்டில் சொன்னபடி மீண்டும் அளவெடுக்க வைத்தால் சரியாகிவிடும்.

ஆக்சுவேட்டர் பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றிவிட்டுத் தட்டின் தண்டைக் கையால் திருப்புங்கள். சுடுகாற்று வந்தால் கெட்டது ஆக்சுவேட்டர் மட்டும். தண்டு பிடிப்பில்லாமல் சுழன்றால் தட்டே உடைந்திருக்கிறது, அது பெரிய வேலை. டாஷ்போர்டு பலகைகளைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள், அருகில் ஏர்பேக் இருக்கிறது. இடதுபக்கம் சூடு, வலதுபக்கம் குளிர் என்றால், இரு பக்கத்துக்கும் தனிக் குமிழ் உள்ள காரில் ஒரு பக்க ஆக்சுவேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் கூலன்ட் குறைந்தாலும் கோர் பாதி அடைத்தாலும் இதேபோல் ஆகும் என்பதால் அவற்றை முதலில் பாருங்கள்.

## அலட்சியம் கூடாத இரண்டு

வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் தேய்ந்தோ, தண்டிலிருந்து நழுவியோ போனால் வெளியே ஒழுகல் எதுவும் தெரியாமலே ஓட்டம் குறையும். கூலன்ட் நிறைவாக இருந்தும் ஐடிலில் குளிர்ந்து, சுற்றைக் கூட்டினால் மட்டும் ஹீட்டர் காய்ந்தால் இதை நினையுங்கள்.

மற்றது ஹெட் கேஸ்கெட். எரிதல் நடக்கும் சிலிண்டரையும் கூலன்ட் ஓடும் வழியையும் பிரித்து அடைக்கும் தகடு அது. அதில் கீறல் விழுந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்து, உயரத்திலுள்ள ஹீட்டர் கோரில் போய்த் தங்கும். எத்தனை முறை காற்றை எடுத்தாலும் இரண்டு நாளில் ஹீட்டர் மறுபடி குளிர்ந்தால், ஆறிய எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்தால், இதைச் சந்தேகியுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிறச் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்ப்பார்கள், எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாக மாறும். சிறிய வேலைதான், எஞ்சினைத் திறக்கச் சொல்வதற்கு முன் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் அதிகச் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடச் சொல்வது நல்ல யோசனை, அது இரண்டாவது ரேடியேட்டர்போல வேலை செய்யும். ஆனால் முள் சிவப்பை நோக்கி ஏறும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், கூலன்ட் தீர்ந்துவிட்டது அல்லது ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று எண்ணாதீர்கள். சில நிமிட ஓட்டத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் தொடாமல் முழுதாக ஆறவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம், உலோகம் விரிசல் விடும். ஆறிய பிறகு மட்டம் மிகக் குறைந்திருந்தால், காரை ஏற்றிக்கொண்டு போக வண்டியைக் கூப்பிடுங்கள்.